லிச்செஸ்: காசு கேட்காத சதுரங்கப் பலகை

இலவசம் என்று சொல்லும் செயலிகளில் எங்காவது ஒரு கொக்கி இருக்கும். நாலு புதிர் போட்டதும் சந்தா கேட்கும், இல்லையென்றால் ஆட்டத்துக்கு ஆட்டம் விளம்பரம் ஓட்டும். லிச்செஸில் அப்படி எதுவும் இல்லை. திபோ டுப்ளெசி என்ற பிரெஞ்சு புரோகிராமர் 2010-இல் தொடங்கிய ஆன்லைன் சதுரங்கத் தளம் இது. இன்று லாப நோக்கமற்ற அமைப்பாக நன்கொடையில் ஓடுகிறது. சர்வர் ஸ்காலா என்ற புரோகிராம் மொழியில் எழுதியது, கோடு முழுக்க ஓப்பன் சோர்ஸ், அதாவது யாரும் பார்க்கலாம். பணம் கொடுத்தவருக்குக் கிடைப்பது பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறகுச் சின்னம், அவ்வளவுதான்.

கணக்கு தொடங்கியதும் ரேட்டிங் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்) 1500. புதியவரின் எண்ணை வேகமாக மாற்றும் கிளிக்கோ-2 என்ற கணக்கீட்டு முறை என்பதால் முதல் சில ஆட்டங்களில் ஒரே தோல்விக்கு நூறு புள்ளிக்கு மேல்கூடச் சரியலாம். எண்ணுக்குப் பின்னால் கேள்விக்குறி இருக்கும்வரை அதைப் பொருட்படுத்த வேண்டாம். அதை ஃபிடே (உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு) ரேட்டிங்கோடு ஒப்பிடுவதும் வீண். இரண்டும் வேறு அளவுகோல்.

வேகத்தை வைத்து புல்லட், பிளிட்ஸ், ரேபிட் என்று ஆட்டங்களைப் பிரிக்கிறார்கள்; எந்த ஆட்டம் எந்த வகை என்பதில் பலர் குழம்புகிறார்கள். தொடக்க நேரத்தோடு, ஒரு நகர்வுக்குக் கூடும் விநாடியை 40-ஆல் பெருக்கிச் சேர்க்க வேண்டும். 2+1 (இரண்டு நிமிடம், நகர்வுக்கு ஒரு விநாடி) என்றால் 120+40=160 விநாடி: புல்லட். 3+2 என்றால் 260: பிளிட்ஸ். 180-இல் பிளிட்ஸ் தொடங்குகிறது, 480-இல் ரேபிட். கற்றுக்கொள்ள வந்தவர் 15+10-க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. புல்லட்டில் வளர்வது மவுஸ் கைதான்.

ஆடுமுன் செட்டிங்ஸில் இரண்டைப் பார்த்துவிடுங்கள். ஒன்று ப்ரீமூவ், அதாவது எதிராளி ஆடும்முன்பே உங்கள் அடுத்த நகர்வைப் போட்டு வைப்பது. எதிராளியின் காவலில்லாத காயை வெட்டலாம் என்று ராணியை முன்கூட்டியே நகர்த்தி வைக்கிறீர்கள்; அவர் அந்தக் காய்க்குக் காவல் போடுகிறார். உங்கள் ராணி தானாகப் போய் வெட்டி, வெட்டுப்படும். நிதான ஆட்டத்துக்கு இதை அணைத்து வையுங்கள். இன்னொன்று, சிப்பாய் கடைசி வரிசையைத் தொட்டதும் தானாக ராணியாக மாறும் வசதி. ஜெயிக்க வேண்டிய ஆட்டம் சில சமயம் ஸ்டேல்மேட் (ராஜாவுக்குச் செக் இல்லாமலே நகர்வு தீர்ந்து டிரா) ஆவது இதனால்தான். கம்ப்யூட்டரில் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு நகர்த்தினால் அந்த ஒரு முறைக்கு யானையோ குதிரையோ தேர்ந்தெடுக்கலாம்.

ஆடி முடித்த ஆட்டத்தைத் திருப்பிப் பார்க்கும் அலசல் பகுதிதான் தளத்தின் உயிர். அதில் இரண்டு வழி உண்டு. கம்ப்யூட்டர் அலசல் கேட்டால், ஃபிஷ்நெட் என்ற பகிர்வு அமைப்பு வழியாகத் தன்னார்வலர்களின் கணினிகளில் ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க எஞ்சின் ஓடி முடிவு வரும். பலகைக்குப் பக்கத்திலுள்ள எஞ்சினைப் போட்டால், அது உங்கள் பிரௌசருக்குள்ளேயே ஓடும். போன் சூடாவதும் பேட்டரி கரைவதும் அதனால்தான். டெப்த் (எஞ்சின் எத்தனை நகர்வு ஆழம் பார்க்கிறது என்ற எண்) 12-இல் +0.8, அதாவது வெள்ளைக்குச் சற்று மேல் என்று காட்டுவது, 25-இல் தலைகீழாகலாம். டெப்த் இருபதைத் தாண்டும்வரை அந்த மதிப்பை நம்பாதீர்கள். எவ்வளவு சரியாக ஆடினீர்கள் என்று காட்டும் துல்லிய சதவீதமும் அப்படியே: காய்களை வரிசையாக மாற்றிக்கொண்டு டிராவான சப்பை ஆட்டத்தில் இருவருக்குமே தொண்ணூறு விழும்.

உண்மையில் பயன் தருவது, அலசல் வந்தபின் தோன்றும் ‘தவறுகளிலிருந்து கற்க’ பொத்தான். நீங்கள் சொதப்பிய ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தி, சரியான நகர்வைக் கண்டுபிடிக்கச் சொல்லும். எஞ்சின் அம்புக்குறியைப் பார்த்துத் தலையாட்டுவதைவிட இது பத்து மடங்கு மேல்.

குறை இல்லாமல் இல்லை. அடிப்படைப் பாடங்கள் காய் நகர்த்தலைத் தாண்டி அதிக தூரம் போவதில்லை. பயனர்கள் பாடம் எழுதிப் பகிரும் ஸ்டடி பகுதியில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் முத்தும் குப்பையும் கலந்தே கிடக்கின்றன. படிப்படியாகக் கைபிடித்து அழைத்துப் போகும் பாடத்திட்டம் வேண்டுமென்றால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

எதிராளியின் ரேட்டிங்கைப் பார்த்தாலே கை நடுங்குபவரா? ஆட்டத்தின்போது இசட் விசையைத் தட்டுங்கள். பலகையையும் கடிகாரத்தையும் தவிரப் பெரும்பாலானவை மறைந்துவிடும்.