எந்தக் கட்சியில் மாற்றுக் கருத்துக்கு இடம் அதிகம்?

அமெரிக்காவின் இரண்டு பெரிய கட்சிகளின் ஆதரவாளர்களும் ஓயாமல் போடும் சண்டை ஒன்று உண்டு. "எங்கள் கட்சியில் பல குரல்களுக்கு இடம் இருக்கிறது, உங்கள் கட்சியில்தான் எல்லோரும் ஒரே பாட்டைப் பாட வேண்டும்" என்பது இருவருமே சொல்லும் வாதம். ஜனநாயகக் கட்சிக்காரர், டிரம்ப்பை எதிர்த்ததால் குடியரசுக் கட்சியில் பொறுப்பை இழந்த லிஸ் செய்னியின் கதையைச் சொல்வார். குடியரசுக் கட்சிக்காரர், கொள்கையில் முரண்பட்டுக் கடைசியில் ஜனநாயகக் கட்சியை விட்டே விலகிய செனட்டர் ஜோ மான்சினின் கதையைச் சொல்வார். இரண்டு கதைகளுமே உண்மை. ஆனால் ஒருவர் கொள்கையை வைத்து அளக்கிறார், இன்னொருவர் விசுவாசத்தை வைத்து அளக்கிறார். அதனால்தான் இந்தச் சண்டை முடிவதே இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அங்கே கட்சித் தாவல் தடைச் சட்டம் கிடையாது. தலைமை சொன்னதை மீறி வாக்களித்தாலும், கட்சியே மாறினாலும், பதவி போகாது. ஆகவே மாறுபட்டு நிற்பவருக்கு என்ன விலை, அதை யார் வசூலிக்கிறார்கள் என்று பார்த்தால்தான் இரு கட்சிகளையும் நியாயமாக ஒப்பிட முடியும்.

பழைய காலம் வேறு மாதிரி இருந்தது. 1964 சிவில் உரிமைச் சட்டம் செனட்டில் 73-27 என்று நிறைவேறியது. ஆதரித்தவர்களில் 46 பேர் ஜனநாயகக் கட்சியினர், 27 பேர் குடியரசுக் கட்சியினர். எதிர்த்த 27 பேரில் 21 பேர் ஜனநாயகக் கட்சியினர். சட்டத்தைக் கையெழுத்திட்ட ஜனாதிபதி லிண்டன் ஜான்சனும் அதே கட்சிதான். குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் எவரெட் டிர்க்சன் கைகொடுக்காமல் இருந்திருந்தால் வாக்கெடுப்பு நடக்க விடாமல் எதிர்ப்பாளர்கள் இழுத்தடித்த முட்டுக்கட்டை விவாதத்தை (ஃபிலிபஸ்டர்) முடித்திருக்கவே முடியாது. இதைப் பொற்காலம் என்று ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் உண்டு. என்னால் அப்படிப் பேச முடியவில்லை. வடக்கின் தாராளவாதியையும் தெற்கின் நிறவெறியரையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்த அந்த ஏற்பாடுதான் கறுப்பின மக்களின் உரிமையைப் பல பத்தாண்டுகள் முடக்கி வைத்தது. கட்சிக்குள் கருத்து வேறுபாடு இருப்பதே நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. எந்த விஷயத்தில் வேறுபாடு என்பதையும் கேட்க வேண்டும்.

சரி, இன்றைய ஜனநாயகக் கட்சிக்கு வருவோம். கொள்கை அகலத்தில் அதன் கை ஓங்கியே இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் காலப் (Gallup) நிறுவனம் நடத்திய கருத்துக் கணிப்புகளில் குடியரசுக் கட்சியினரில் நான்கில் மூன்று பேர் அளவுக்குத் தங்களைப் பழமைவாதிகள் என்கிறார்கள். ஜனநாயகக் கட்சியினரில் பாதிக்குச் சற்று அதிகமானவர்கள்தான் தங்களைத் தாராளவாதிகள் என்கிறார்கள். 2010-இல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் பிரதிநிதிகள் சபையில் 219-212 என்று தப்பிப் பிழைத்தபோது, அவர் கட்சியிலேயே 34 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். மான்சின் 2021 டிசம்பரில் பைடனின் மிகப் பெரிய சமூக நலத் திட்டத்தை ஒரே ஆளாகக் கவிழ்த்தார். அப்போதும் எரிசக்திக் குழுவின் தலைமை அவரிடமே இருந்தது. 2024-இல் கட்சியை விட்டுச் சுயேச்சையான பிறகும் அந்தப் பதவியை யாரும் பறிக்கவில்லை.

ஆனால் கருக்கலைப்பு என்று வந்தால் கதவு சாத்தப்பட்டுவிட்டது. 1992 மாநாட்டில் பென்சில்வேனியா ஆளுநர் பாப் கேசிக்குப் பேச இடம் கிடைக்கவில்லை. கருக்கலைப்பை எதிர்த்ததால்தான் என்று அவர் தரப்பு சொன்னது. கிளின்டனை ஆதரிக்காததால்தான் என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். அதை விடுங்கள், எண்களே போதும். 2009-இல் கருக்கலைப்புக்கான காப்பீட்டைக் கட்டுப்படுத்தும் திருத்தத்துக்கு ஜனநாயகக் கட்சியின் 64 உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். 2021-இல் கருக்கலைப்பு உரிமை மசோதா வந்தபோது அந்தக் கட்சியிலிருந்து எதிர்த்தவர் டெக்சாஸின் ஹென்றி குவேயார் ஒருவர் மட்டுமே. அவரும் அடுத்த ஆண்டு பிரைமரியில் (கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வாக்காளர்களிடையே நடக்கும் முதற்கட்டத் தேர்தல்) 300-க்கும் குறைவான வாக்குகளில்தான் தப்பினார். அதற்கு முன்பே, 2020-இல், இலினாயின் டான் லிபின்ஸ்கி பிரைமரியில் வீழ்த்தப்பட்டார். இங்கே விலையை வசூலிப்பவர்கள் செயற்பாட்டாளர்களும் ஆதரவு அமைப்புகளும். தலைமை இதில் பெரும்பாலும் அடக்கியே வாசிக்கிறது. குவேயாருக்காகத் தலைமை பிரசாரமே செய்தது.

குடியரசுக் கட்சியில் நிலைமை ஏறக்குறைய தலைகீழ். கொள்கையில் அது ஒரே கல்லில் செதுக்கியது என்று நினைப்பவர்கள் 2024 ஏப்ரலைப் பார்க்க வேண்டும். உக்ரைன் உதவி மசோதாவுக்கு அந்தக் கட்சியில் 101 பேர் ஆதரவு, 112 பேர் எதிர்ப்பு. அதற்கு முந்தைய ஆண்டு கெவின் மெக்கார்த்தி சபாநாயகராவதற்கு 15 சுற்று வாக்கெடுப்பு தேவைப்பட்டது. ஒன்பதே மாதத்தில் அவர் கட்சியின் 8 பேர் எதிர்த்தரப்போடு சேர்ந்து அவரை இறக்கினார்கள். சபையில் தலைமையை எதிர்த்து இவ்வளவு துணிச்சலாகக் கலகம் செய்வதை ஜனநாயகக் கட்சியில் பார்க்கவே முடியாது.

அப்புறம் லிஸ் செய்னி. 2021 ஜனவரியில் டிரம்ப்பைப் பதவி நீக்க வாக்களித்த 10 குடியரசுக் கட்சி உறுப்பினர்களில் அவர் ஒருவர். அந்த 10 பேரில் 4 பேர் மறுபடி போட்டியிடவில்லை, 4 பேர் பிரைமரியில் தோற்றார்கள், 2 பேர் மட்டுமே சபைக்குத் திரும்பினார்கள். செய்னியிடமிருந்து கட்சிப் பொறுப்பைப் பறித்து எலிஸ் ஸ்டெஃபானிக்கிடம் கொடுத்தார்கள். இந்த விஷயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்: வாக்களிப்பு வரலாற்றைப் பார்த்தால் ஸ்டெஃபானிக்கைவிட செய்னியே தீவிரப் பழமைவாதி. கொள்கையில் இறுக்கமானவர் வெளியே, நெகிழ்வானவர் உள்ளே. அப்படியானால் அங்கே கேட்கப்படுவது கொள்கை விசுவாசம் அல்ல, ஒரு மனிதருக்கான விசுவாசம். 2025 ஜூனில் வட கரோலினா செனட்டர் தாம் டில்லிஸ் டிரம்ப்பின் வரி மசோதாவை எதிர்த்தார். பிரைமரியில் வேறு ஆளை நிறுத்துவேன் என்று டிரம்ப் மிரட்டினார். மறுநாளே டில்லிஸ் இனிப் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார்.

இதற்குக் குடியரசுக் கட்சிக்காரர்கள் தரும் பதிலை ஒதுக்கிவிட முடியாது. பைடனுக்கு வயதாகிவிட்டது என்று வெளிப்படையாகச் சொல்லி அவரை எதிர்த்துப் போட்டியிட்ட மினசோட்டா உறுப்பினர் டீன் ஃபிலிப்ஸைச் சொந்தக் கட்சி தீண்டத்தகாதவர் போல நடத்தியது. ஃப்ளோரிடாவில் கட்சி பைடன் பெயரை மட்டுமே கொடுத்ததால் பிரைமரியே நடக்கவில்லை. 2024 ஜூலையில் அதே கட்சிக்காரர்கள் ஃபிலிப்ஸ் சொன்னதையே சொல்லிப் பைடனை விலக வைத்தார்கள். இதில் கோழைத்தனமும் இருக்கிறது, தைரியமும் இருக்கிறது. ஆனாலும் ஒரு வேறுபாட்டை மறைக்க நான் தயாராக இல்லை. ஒரு கட்சியால் தன் தலைவரை, தாமதமாகவாவது, விலகச் சொல்ல முடிந்தது. இன்னொரு கட்சியில் தலைவரை எதிர்த்தவர்கள்தான் விலகினார்கள். இன்றைய தேதியில் மாற்றுக் கருத்துக்கான விலை குடியரசுக் கட்சியில்தான் அதிகம். ஜனநாயகக் கட்சியில் இருந்துகொண்டு கருக்கலைப்பை எதிர்க்கும் ஒருவர் இதைப் படித்தால் ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் நின்று பார்க்கும் இடத்திலிருந்து அவர் சொல்வதும் சரிதான்.

இரு பக்கமும் தண்டனை நடக்கும் இடம் ஒன்றே: குறைவான பேர் வாக்களிக்கும் பிரைமரி. அந்தப் 10 பேரில் தப்பிய டேவிட் வலடேயோ கலிஃபோர்னியாக்காரர், டான் நியூஹவுஸ் வாஷிங்டன் மாநிலத்தவர். இரண்டு மாநிலங்களிலும் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே பிரைமரியில் நிற்பார்கள், முதல் இருவர் நவம்பருக்குப் போவார்கள். பதவி நீக்க விசாரணையில் டிரம்ப்பைக் குற்றவாளி என்று வாக்களித்த குடியரசுக் கட்சி செனட்டர் லிசா மர்கௌஸ்கி 2022-இல் பிழைத்ததும் அலாஸ்காவின் பொதுப் பிரைமரியால்தான். இது சர்வ ரோக நிவாரணி இல்லை. வாஷிங்டனில் இதே முறையில்தான் ஜேமி ஹெரேரா பியூட்லர் தோற்றார்.

மிஷிகனில் அந்த வசதி இல்லை. அங்கே 10 பேரில் ஒருவரான பீட்டர் மெய்யருக்கு எதிராக 2022 பிரைமரியில் டிரம்ப் ஆதரித்த ஜான் கிப்ஸ் நின்றார். கிப்ஸை அளவுக்கு மீறிய பழமைவாதி என்று சொல்லி, அதனாலேயே அவருக்குப் பழமைவாதிகளின் வாக்கைச் சேர்த்துத் தரும் விளம்பரத்துக்கு 4 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தது ஜனநாயகக் கட்சியின் தேர்தல் குழு. மனசாட்சிப்படி வாக்களித்த குடியரசுக் கட்சிக்காரர்களை மேடையில் புகழ்ந்த அதே கட்சி. மெய்யர் சில ஆயிரம் வாக்குகளில் தோற்றார். நவம்பரில் அந்தத் தொகுதி ஜனநாயகக் கட்சியின் ஹிலரி ஷோல்டனிடம் போனது.