பேலன்ஸ் ஷீட் டிராஃப்டுக்கு ‘ஓகே’ போடும் முன்: ஜாப் ஒர்க் யூனிட்காரர்கள் கவனத்துக்கு

கணக்கு எழுத வெளியாளிடம் கொடுத்திருக்கும் சின்ன யூனிட்காரர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள்.

திருப்பூரில் எங்களுடையது தையல் ஜாப் ஒர்க் மட்டும், அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுப்பது. துணி பார்ட்டியுடையது, நூல், ஊசி, பாலி பேக் இவ்வளவுதான் நம்முடையது. எங்கள் 2023–24 கணக்கை எழுதிய ஆளை ஏரியாவில் எல்லோரும் ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வருஷம் ஜூலை 31 வருமான வரி ரிட்டர்னுக்குக் கடைசித் தேதி. முந்தின நாள் இரவு அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் இரண்டு பக்க டிராஃப்ட் வந்தது. “ஓகேன்னு போடுங்கண்ணா, ஆதார் ஓடிபி வந்ததும் சொல்லுங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

அதில் குளோசிங் ஸ்டாக் (வருஷக் கடைசியில் கையிலிருக்கும் சரக்கு) 14 லட்சம். பார்ட்டி துணியை எங்கள் சொத்தாகக் காட்டினால் தவிர அந்தத் தொகை வரவே வராது. கையிருப்பு ரொக்கம் 6,80,000. மார்ச் 30 சனிக்கிழமை, சம்பளம் போட்டு முடித்ததும் பெட்டியில் என்ன மிச்சம் என்று எங்களுக்குத் தெரியாதா?

இதையெல்லாம் டேலி ஆக்க, என் மாமியார் பெயரில் 9 லட்சம் ரொக்கக் கைக்கடன். இதுதான் என்னைப் பதற வைத்தது. அப்போது இருந்த 1961 வருமான வரிச் சட்டம் 269எஸ்எஸ் பிரிவுப்படி 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழலாம். வாங்காத கடனுக்கு 9 லட்சம் யார் கட்டுவது?

வரவாகக் காட்டிய ஜாப் ஒர்க் கூலியோ, பார்ட்டிகள் டிடிஎஸ் (வரி) பிடித்து, 26ஏஎஸ் என்கிற வருமான வரித் துறைப் பட்டியலில் எங்களுக்குக் கொடுத்ததாக ஏறியிருந்த தொகையைவிடக் குறைவு. நோட்டீஸ் வர அது ஒன்றே போதும்.

கேட்டதற்கு, “சிசி லோன் (கேஷ் கிரெடிட்) ரினியூவலுக்குப் போறப்ப பேங்க்ல எடுப்பா இருக்கும்ணா” என்றார். இல்லாத ஸ்டாக்கைக் காட்டிக் கடன் வாங்கினால் அது பேங்க்கை ஏமாற்றுவது. சிக்கினால் உள்ளே போவது நான். பேங்க்குக்கு என்று தனியாக அனுப்பிய காப்பியில் ஒரு சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) முத்திரை இருந்தது, சி.ஏ. கையெழுத்திடும் ஆவணத்துக்கு உண்டான 18 இலக்க அடையாள எண்ணான யூடின் இல்லை. யூடின் இருந்தால் சி.ஏ.க்களின் அமைப்பான ஐசிஏஐ தளத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். “அப்புறம் போட்டுக்கலாம்” என்று மழுப்பினார். விசாரித்தால் இவர் சி.ஏ.வே இல்லை.

ஓகே போட மறுத்தேன். ஒவ்வொரு தொகைக்கும் லெட்ஜர் கேட்டேன். முழு ஃபீஸையும் கட்டினால்தான் டாலி (கணக்கு சாஃப்ட்வேர்) பேக்கப் என்றார். இன்றுவரை தரவில்லை, வாங்கிய அட்வான்ஸும் திரும்பவில்லை. வருமான வரி போர்ட்டலில் அவர் நம்பரும் மெயிலும்தான் இருந்தன. ஆதார் ஓடிபி வழியாகப் பாஸ்வேர்டை மாற்றி மீட்டேன். பேங்க் ஸ்டேட்மென்ட், பில் புத்தகம், சம்பள நோட்டு வைத்து ஒரு சி.ஏ. புதிதாகக் கணக்குப் போட்டுத் தந்தார். ஆகஸ்டில் 5,000 ரூபாய் தாமதக் கட்டணமும் வட்டியும் கட்டித் தாக்கல் செய்தோம்.

ஜிஎஸ்டி போர்ட்டலிலும் அவர் நம்பர்தான். அதை மாற்றச் சொல்லி எங்கள் சரக அலுவலகத்தில் கடிதம் கொடுத்திருக்கிறேன். உங்கள் இரண்டு போர்ட்டலிலும் யார் நம்பர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.