எஸ்ஸவீரா போக: வேன் டூரா, தனிக் காரா, உள்ளூர் வழிகாட்டியா?

மொராக்கோ போகிறவர்களில் பலரும் மராகேஷில்தான் தங்குகிறார்கள். அங்கிருந்து அட்லாண்டிக் கரையில் இருக்கும் எஸ்ஸவீராவை ஒரு நாளில் பார்த்துவிட்டு வரலாமா என்று தேடினால், 'பிரைவேட் கைடட் டூர்' என்று விளம்பரங்கள் வரிசைகட்டி வரும். எல்லாவற்றிலும் அதே நீலப் படகு, அதே பீரங்கி, அதே மரமேறிய ஆடு. பெயர்தான் ஒன்று, கிடைப்பது ஒவ்வொன்றிலும் வேறு.

முதலில் தூரத்தைப் பாருங்கள். மராகேஷிலிருந்து ஏறக்குறைய 180 கி.மீ., போக மட்டும் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். ரயில் கிடையாது. ஆக, காலை எட்டு மணிக்குக் கிளம்பி இருட்டும்போது திரும்பும் எந்தத் திட்டத்திலும் ஊருக்குள் நமக்குக் கிடைப்பது நாலைந்து மணி நேரம்தான், அதில் மீன் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போய்விடும்.

இருப்பதில் மலிவானது வேனில் பத்துப் பதினைந்து பேரோடு போகும் குழு டூர். ஆளுக்கு 20 யூரோ அளவில் முடிந்துவிடும். ஆனால் வழியில் ஒரு டீக்கடை, இந்தப் பக்கத்து ஆர்கன் மரத்தின் கொட்டையில் எடுக்கும் எண்ணெயை விற்கும் கூட்டுறவு ஒன்று, அப்புறம் அந்த ஆடுகள் என்று நிறுத்தி நிறுத்திப் போவார்கள். ஆர்கன் பழத்துக்காக ஆடு மரமேறுவது உண்மைதான். ஆனால் நெடுஞ்சாலை ஓரத்தில் கிளைக்கு ஒன்றாக அசையாமல் நிற்கிறதே, அதில் பல, ஆட்களே தூக்கி வைத்தவை. படம் எடுத்தால் காசு கேட்பார்கள். ஊர் வந்ததும் 'நாலு மணிக்கு இங்கே வந்துவிடுங்கள்' என்று இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். இதைப் போக்குவரத்து என்று நினைத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை. சுற்றிக் காட்டுவார்கள் என்று நினைத்தால்தான் சிக்கல்.

தனிக் காரில் ஆடு வேண்டாம், எண்ணெய் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், நினைத்த இடத்தில் நிறுத்தலாம். ஒரு காருக்கு 100 யூரோவைத் தாண்டும் என்றாலும் நாலு பேர் பகிர்ந்தால், அதுவும் வயதானவர்களோ குழந்தைகளோ கூட இருந்தால், கொடுக்கத் தகுந்த காசுதான். ஆனால் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: காரை ஓட்டுகிறவர் வழிகாட்டி அல்ல. மொராக்கோவில் சுற்றிக்காட்டுவதற்கு அரசு உரிமம் வேண்டும், உரிமம் உள்ளவர் அட்டை வைத்திருப்பார். அது இல்லாத ஓட்டுநர் கோட்டை வாசலோடு நின்றுவிடுவார். விளம்பரத்தில் 'ஆங்கிலம் பேசும் டிரைவர்' என்று இருப்பதை 'வழிகாட்டியோடு' என்று நாமே படித்துக்கொள்கிறோம். முன்பதிவுக்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: மெதினாவுக்குள், அதாவது மதில் சூழ்ந்த பழைய ஊருக்குள், எங்களோடு நடந்து வரப்போவது யார்? பதில் மழுப்பலாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

நான் சொல்வது மூன்றாவது வழி. பஸ்ஸில் நாமே போய், ஓர் இரவு தங்கி, உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அரை நாளுக்கு மட்டும் தனியாக அமர்த்திக்கொள்வது. சிடிஎம், சுப்ராதூர் இரண்டும் நல்ல பஸ்கள், டிக்கெட் மொராக்கோ பணத்தில் 100 திர்ஹமை ஒட்டி வரும். வழிகாட்டிக்குச் சில நூறு திர்ஹம். தங்கும் செலவைச் சேர்த்தாலும், இரண்டு பேருக்குத் தனிக் காரோடு பெரிய வித்தியாசம் வராது.

வழி தெரிந்துகொள்ள இந்த ஊரில் யாரும் தேவையில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். மொராக்கோவின் இன்னொரு பழைய நகரமான ஃபெஸ்ஸில் நாலு சந்து திரும்பினால் தொலைந்துபோவோம். இங்கே தெருக்கள் நேர்க்கோடு, ஏனென்றால் இது திட்டம் போட்டுக் கட்டிய ஊர். 1760-களில் சுல்தான் முகம்மது பின் அப்துல்லா, தியோடோர் கோர்னூ என்ற பிரெஞ்சுப் பொறியாளரைக் கொண்டு வரைபடம் போடவைத்தார். யுனெஸ்கோ 2001-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கும் இந்த ஐரோப்பிய வரைபடமும் வட ஆப்பிரிக்கக் கட்டடமும் கலந்த தன்மைதான் காரணம். அப்படியானால் வழிகாட்டி எதற்கு? மொகடோர் என்ற பழைய பெயரோடு கிடந்த ஓர் இடத்தில் சுல்தான் ஏன் புதுத் துறைமுகம் கட்டினார், அகாதிர் துறைமுகத்தின் வியாபாரத்தை ஏன் இங்கே திருப்பினார், யூத வணிகர்களை அழைத்துக் குடியமர்த்தியது எதற்காக, இதெல்லாம் சுவரைப் பார்த்தால் தெரியாது. யூதக் குடும்பங்கள் இருந்த 'மெல்லா' பகுதியில் இன்று நாமாக நடந்தால் பாதி இடிந்த தெரு மாதிரிதான் தோன்றும். கூட ஆள் இருந்தால், கதவு நிலைக்கு மேல் செதுக்கிய தாவீது நட்சத்திரத்தைக் காட்டி நிறுத்துவார், 2020-ல் திறந்த பைத் தாகிரா அருங்காட்சியகத்துக்கும் அதற்குள்ளேயே இருக்கும் பழைய யூதத் தொழுகைக்கூடத்துக்கும் கூட்டிப்போவார்.

கடலோர மதில் மேல் வரிசையாக நிற்கும் வெண்கலப் பீரங்கிகளின் முதுகில் உள்ள எழுத்தைக் குனிந்து படித்தால் அவற்றில் பல ஸ்பெயினில் வார்த்தவை என்று தெரியும். அதே மதிலுக்குக் கீழே உள்ள அறைகளில்தான் தூயா மரத் தச்சர்கள் வேலை செய்கிறார்கள். தண்டை விட வேர்முண்டுக்குத்தான் விலை, அதில்தான் புள்ளி புள்ளியாக ரேகை விழும். இழைக்கும்போது தெருவெல்லாம் மரவாசம் வீசும்.

இங்கேதான் தனி வழிகாட்டியின் பலவீனமும் இருக்கிறது. கடைக்குக் கூட்டிப்போய்க் கமிஷன் வாங்குவது ஊரறிந்த விஷயம். 'பட்டறை பார்க்கலாம், கடை வேண்டாம்' என்று கூலி பேசும்போதே சொல்லிவிடுங்கள். ஆளின் தரம் பார்க்க இன்னொரு வழி, அமெரிக்க கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பற்றிக் கேட்பது. பக்கத்துக் கிராமமான தியாபாத்தின் மணலில் புதைந்த கோட்டையைப் பார்த்துத்தான் அவர் ஒரு பாட்டு எழுதினார் என்று ஊரே சொல்லும். அந்தப் பாட்டு வந்தது 1967-ல், அவர் இங்கே வந்தது 1969-ல். இதைச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிற வழிகாட்டியை நம்பி மற்றதையும் கேட்கலாம்.

யாருமில்லாமல் தனியாகச் சுற்றுவதையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். துறைமுகம், மீன் சந்தை, கடற்கரை இதற்கெல்லாம் விளக்கம் தேவையில்லை. சங்குப்பூச்சியிலிருந்து ஊதாச் சாயம் எடுத்த பழங்காலத் தீவு எதிரிலேயே தெரியும், அதையும் கரையில் நின்றே பார்த்துக்கொள்ளலாம். முதல் நாள் மதியம் வழிகாட்டியோடு, மறுநாள் காலை தனியாக என்று வைத்துக்கொண்டால் இரண்டும் கிடைக்கும். ஒரே நாள்தான் இருக்கிறது, பணம் பிரச்சினை இல்லை என்றால் தனிக் காரோடு உள்ளூர் வழிகாட்டியையும் சேர்த்தே பேசுங்கள். வேன் டூரை, தனியாள், கையில் காசு குறைவு, கடலைப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு மட்டும் சொல்வேன்.

பஸ் டிக்கெட்டைத் திரும்புவதற்கும் சேர்த்து முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், கோடை வார இறுதிகளில் சீட்டு தீர்ந்துவிடும். ஜூனில் க்னாவா இசை விழா நடக்கும் நாட்களில் அறை கிடைப்பதே பெரும்பாடு. மராகேஷ் வெயிலை நம்பி மெல்லிய சட்டையோடு வராதீர்கள், இங்கே வெயில் காலத்திலும் காற்று விடாமல் அடிக்கும்.