எட்டுக் கிலோமீற்றருக்கு இரண்டரை மணித்தியாலம்: சின்னக் கோச்சி இருந்திருந்தால்

பொடி மெனிக்கே ரயில் மத்தியானம் நானுஓயாவில் இறக்கிவிட்டது. நுவரெலியா டவுனுக்குப் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டுக் கடைகளில் சோறு முடிந்து, பின்னேர ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தார்கள். இடையில் உள்ள தூரம் எட்டுக் கிலோமீற்றர் சொச்சம்தான். 2025 சித்திரைச் சீசனுக்கு ஊருக்குப் போனதில் மற்றதெல்லாம் நன்றாகவே நடந்தது. அதை எழுதப் போவதில்லை. இந்த எட்டுக் கிலோமீற்றரைத்தான் எழுதவேண்டும். இந்தத் தூரத்துக்கு ஒரு காலத்தில் ரயில் ஓடியது. ரயிலை ஊரில் கோச்சி என்போம்.

ஸ்டேஷன் வாசலில் த்ரீவீல்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். என் பெட்டியில் விமானத் துண்டு இன்னும் ஒட்டியிருந்ததால் விலை அதைப் பார்த்தே வந்தது. மூவாயிரத்து ஐந்நூறு. "சீசன் தானே அண்ணே" என்றார் ஒரு தம்பி. பஸ்ஸில் போகலாம் என்று பார்த்தால், வந்த பஸ்ஸின் மிதிபலகையிலேயே நாலு பேர் தொங்கினார்கள். கைக்குழந்தையோடு நின்ற ஒரு தங்கச்சி அதை விட்டுவிட்டு அடுத்ததற்கு நின்றது. அடுத்ததும் அப்படியே. பேரம் பேசி, அந்தத் தங்கச்சியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

இரண்டு வளைவுதான் தாண்டியிருப்போம். அப்புறம் நகரவில்லை. முன்னால் கொழும்பு வேன்கள், பெரிய ஜீப்புகள், ஒன்றை ஒன்று முந்தப்போய் எதிர்ப்பக்கத்தையும் அடைத்துக்கொண்டு நின்றன. மலையேற்றத்தில் நின்று நின்று எடுப்பதால் கிளட்ச் கருகும் நாற்றம். குழந்தை அழுது ஓய்ந்து தூங்கியே போனது. கீழேயிருந்து ஒரு அம்புலன்ஸ் சத்தம் கேட்டது. திரும்பித் திரும்பிப் பார்த்தேன். சத்தம் கிட்ட வரவேயில்லை. ஒதுங்க இடம் எங்கே இருக்கிறது? ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். இதே நானுஓயாவுக்குப் பக்கத்தில், ரதல்ல குறுக்கு வீதியில், 2023 ஜனவரியில் பஸ் ஒன்று வேனோடு மோதி ஏழு பேர் செத்தார்கள். அப்படிப்பட்ட சரிவு இது. இதில் சீசன் சனம் முழுவதையும் ரோட்டாலேயே ஏற்றி இறக்குகிறார்கள்.

அந்த நெரிசலில்தான் ஓட்டிவந்த தம்பி ஒன்று காட்டினார். "மேல பாருங்க அண்ணே, தேயிலைக்குள்ள மட்டமா ஒரு பாத போகுதில்லயா? அது பழைய கோச்சி ரோட்டு. எங்க அப்பாயி அதுலதான் பள்ளிக்கூடம் போனாங்களாம்."

பார்த்தேன். தோட்டத்துக் குறுக்குப் பாதைகள் எல்லாம் மலையை நேராக வெட்டிக்கொண்டு ஏறும். கொழுந்துக் கூடையோடு ஏறியவர்களுக்குத் தெரியும். இது அப்படியில்லை. மலையைச் சுற்றி, ஏறுவதே தெரியாமல் ஏறிப்போகிறது. நடுவில் தண்ணீர் போக ஒரு சின்னக் கல் மதகு. கருங்கல்லைக் கொத்தி அடுக்கியது, இன்னும் ஒரு கல் பெயரவில்லை. தண்டவாளம் போய் எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் தண்ணீர் அதற்குள்தான் ஓடுகிறது. அதைப் பார்த்ததும் பெட்டி, பசி, மூவாயிரத்து ஐந்நூறு எல்லாம் மறந்தே போனது.

கொழும்பிலிருந்து வரும் பெரிய லைன் 1885இல் நானுஓயாவுக்கு வந்தது. வந்த லைன் நுவரெலியா டவுனுக்கு ஏறவில்லை. அங்கிருந்து திரும்பிப் பட்டிப்பொலப் பக்கம் போய், கடைசியில் 1924இல் பதுளையைத் தொட்டது. அதனால்தான் நானுஓயாவில் இறங்கி நுவரெலியாவுக்கும் அப்பால் ஏற இன்னொரு லைன் போட்டார்கள். இரண்டரை அடி அகலம்தான், நெரோ கேஜ் என்பார்கள். அகலப் பாதையால் திரும்ப முடியாத வளைவுகளில் அது திரும்பும். 1903, 1904இல் திறந்து, நுவரெலியா, கந்தப்பளை தாண்டி இராகலை வரைக்கும் சுமார் பத்தொன்பது மைல் ஓடியது. தேயிலைப் பெட்டி இறங்கியது, அரிசி ஏறியது, குளிர்தேடி வந்த துரைமார் ஏறினார்கள். பிறகு லொறியும் பஸ்ஸும் வந்தன, வருமானம் இல்லை என்றார்கள், 1940களில் மூடிவிட்டார்கள். என் தாத்தா கந்தப்பளையில் சிறுவனாக இருந்து அதைப் பார்த்தவர். கோச்சி ஊதுகிற சத்தத்தை வைத்துத்தான் தோட்டத்தில் நேரம் சொல்வார்களாம்.

அடுத்த நாள், டவுனில் சுற்றுலாக்காரருக்கென்று வைத்திருக்கிற ஒரு கவுண்டரில் போய்க் கேட்டேன். பழைய ரயில் பாதை எங்கே தொடங்குகிறது, நடந்து பார்க்க முடியுமா என்று. "நெரோ கேஜா? அது களனிவெலியில இருந்தது சார், இங்க இல்ல" என்று பதில். கொழும்பிலிருந்து அவிசாவளைப் பக்கம் போகும் களனிவெலி லைனிலும் இருந்தது உண்மைதான், 1990களில்தான் அதை அகலமாக்கினார்கள். அதற்காக இங்கே இருக்கவே இல்லை என்பதா? வழுவழுப்பான வரைபடம் ஒன்று தந்தார்கள். ஏரி இருக்கிறது, ஹக்கலை இருக்கிறது, ஸ்ட்ரோபெரித் தோட்டம் இருக்கிறது. காடு வெட்டி, கல் உடைத்து, குளிரில் செத்து எங்கள் சனம் போட்ட பாதைக்கு ஒரு கோடு கூட இல்லை. அந்த இடத்திலேயே எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. உயர்ந்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

நான் இருப்பது பர்மிங்ஹாமில். அங்கிருந்து வேல்ஸ் பக்கம் போனால் கனார்வன் முதல் போர்த்மடொக் வரை இரண்டடிப் பாதையில் ஒரு சின்ன ரயில் ஓடுகிறது. அதையும் 1937இல் மூடினார்கள், தண்டவாளத்தையும் கழற்றினார்கள். அதைத் திரும்பப் போட அங்கும் எதிர்ப்பு இருந்தது, விசாரணை இருந்தது. ஆனாலும் தொண்டர்கள் விடவில்லை; லொத்தர் நிதியும் கிடைத்தது; 1990களின் கடைசியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, 2011இல் இருபத்தைந்து மைலும் ஓடத் தொடங்கியது. எங்கள் இராகலை லைனை விட நீளம். ஓய்வுபெற்ற வாத்தியார்மார் எண்ணெய்த் துணியோடு என்ஜின் துடைப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கே வாழும் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு அது. ஒவ்வொரு தடவையும் டிக்கட் எடுக்கும்போது கந்தப்பளைதான் ஞாபகம் வரும்.

வெள்ளைக்காரன் ஊரை விடுங்கள். தோட்டத்துச் சனத்தில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் பெரியப்பா குடும்பம் குன்னூருக்குப் போனது. பெரியப்பா மகன், அண்ணன், இன்றைக்கும் ஊட்டிக்கு மலை ரயிலில் போய்வருகிறார். 1908இல் ஊட்டியைத் தொட்ட லைன், 2005இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமும் ஆகிவிட்டது. ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்த இரண்டு பேர். கடல் தாண்டிப் போனவருக்கு மலை ரயில் இருக்கிறது, பிறந்த மண்ணில் இருந்தவர்களுக்கு இல்லை.

கந்தப்பளையில் சின்னம்மா வீட்டு மாட்டுப்பட்டிக்கு நடுத்தூணாக நிற்பது அந்த லைனின் தண்டவாளம். சாணி மெழுகிய சுவருக்குப் பக்கத்தில் அதைக் கையால் தடவிப் பார்த்தேன். அடியிலிருந்து மேல்முகம் வரை ஒரு சாண் கூட இல்லை, பெரிய லைன் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வைத்தால் குழந்தை போல இருக்கும். மேல்முகம் சக்கரம் ஓடித் தேய்ந்த வழுவழுப்பு, பக்கமெல்லாம் துரு. "தாத்தா கொண்டாந்து நட்டது, கழட்டச் சொல்லாதே, கூரை விழுந்துடும்" என்றார் சின்னம்மா. கழற்றச் சொல்லவில்லை. படம் மட்டும் எடுத்தேன்.

இராகலை வரை முழுவதும் வேண்டும் என்று கேட்கவில்லை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா டவுன் வரை போட்டால் போதும். எல்ல ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று ரயிலைப் படம் பிடிக்கவே உலகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். ஏறிப்போக ஒரு சின்னக் கோச்சி இருந்தால் நானுஓயாவில் யார் வேனுக்கு நிற்கப்போகிறார்கள்? கைக்குழந்தைத் தங்கச்சிக்கும் அதில் ஒரு இருக்கை, பஸ் காசில், கிடைக்கவேண்டும். சுற்றுலாக்காரருக்கு மட்டும் என்றால் எனக்கு அது வேண்டாம். பழைய பாதையில் இப்போது தோட்டத்துச் சனம் வீடு கட்டி, மரக்கறி போட்டிருக்கிற இடங்களும் உண்டு. அவர்களை எழுப்பிவிட்டு ரயில் விடக்கூடாது. அந்த இடங்களில் பாதையைத்தான் தள்ளிப்போடவேண்டும். தள்ள முடியாவிட்டால் முதலில் அவர்கள் கையில் காணி உறுதி, அதற்குப் பிறகு தண்டவாளம்.