மூடுபனியில் ஓஎம்-1: மலையகக் காடுகளுக்கு ஒரு கமரா செட்

இலங்கை மலையகத்தின் ஹோர்ட்டன் சமவெளிக்கோ நக்கிள்ஸ் மலைத்தொடருக்கோ கொண்டுபோகக் கமரா வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது எத்தனை மெகாபிக்சல் என்றுதான். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. மொத்தம் எத்தனை கிராம்? எங்கெல்லாம் ரப்பர் சீல் இருக்கிறது? சூம் பண்ணும்போது லென்ஸ் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறதா? மலையகத்தில் ஒரு கமரா கொட்டும் மழையில் நனைந்து போவது குறைவு. ஈரக்காற்று உள்ளே புகுந்து, கண்ணாடியில் பூஞ்சை பிடித்து, ஓரிரு வருடத்தில் மெல்லமெல்லப் பழுதாவதுதான் அதிகம். அந்தக் கண்ணோடுதான் இந்தச் செட்டைப் பார்க்கிறோம்: ஓஎம் சிஸ்டம் ஓஎம்-1 பொடி (லென்ஸ் இல்லாத கமரா உடல்), நெருக்கத்தில் எடுக்கும் 60 மி.மீ. எஃப்/2.8 மெக்ரோ லென்ஸ், தூரத்துக்கு 100-400 மி.மீ. எஃப்/5-6.3 சூம் லென்ஸ். எஃப் எண் சிறிதானால் லென்ஸின் துளை பெரிது, வெளிச்சம் அதிகம்.

முதலில் எடைக் கணக்கு. பற்றரி, கார்டோடு பொடி 599 கிராம். மெக்ரோ 185 கிராம். 100-400, ட்ரைபொட் வளையம் இல்லாமல் 1120 கிராம். எல்லாம் சேர்ந்தும் இரண்டு கிலோவுக்குள் அடங்குகிறது. சோனியின் 200-600 லென்ஸ் மட்டுமே 2115 கிராம். ஹோர்ட்டன் சமவெளியின் உலக முடிவு, பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சி சுற்றுப்பாதை சுமார் 9 கிலோமீற்றர். 2100 மீற்றருக்கு மேலே, சேறும் கல்லுமான பாதையில், மழை அங்கியும் தண்ணீரும் சாப்பாடும் முதுகில் இருக்கும்போது இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை. கை களைத்தவர் கமராவைப் பைக்குள் வைத்துவிடுவார். பறவை அப்போதுதான் வரும்.

சென்சர் சிறியது, ஃபுல் ஃபிரேமின் (35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சரின்) கால்வாசிப் பரப்புத்தான். அதனால் 400 மி.மீ. லென்ஸ் 800 மி.மீ. போலவும், 60 மி.மீ. மெக்ரோ 120 போலவும் படத்தை அடக்கும். அதற்கான விலையை வெளிச்சத்தில் கொடுக்கிறோம். அந்த விலை எங்கே வலிக்கும் என்பதைப் பிறகு சொல்கிறோம்.

இந்தச் செட்டின் உயிர் மெக்ரோ லென்ஸ்தான். ஹோர்ட்டன் சமவெளியின் பாசி படிந்த மரங்களில் காண்டாமிருகக் கொம்பு ஓணான் இருக்கும். மூக்கில் ஒற்றைக் கொம்போடு, ஆள் நெருங்கினாலும் ஓடாமல் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும் பிராணி. கொம்பின் நுனி கூர்மையாக வந்தால் கண் மங்கும், கண் வந்தால் கழுத்துச் செதில் மங்கும். துளையை எஃப்/16க்கு மூடினால் எல்லாம் கூர்மையாக வரும் என்று நினைப்பது பிழை. இவ்வளவு சின்ன சென்சரில், அதுவும் நெருக்கத்தில், சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் முழுப்படமும் மென்மையாகிவிடும். எஃப்/5.6இல் நின்று, கமராவுக்குள்ளேயே உள்ள ஃபோகஸ் ஸ்டாக்கிங்கைப் பாவியுங்கள். குவியத்தைச் சிறிதுசிறிதாக நகர்த்தி 3 முதல் 15 படம் வரை எடுத்து ஒன்றாக்கித் தரும். ஓணானின் தலைக்கு 8 முதல் 10 படமும், படத்துக்குப் படம் குவியம் நகரும் இடைவெளி அளவு 3 அல்லது 4உம் போதும். கமரா ஒன்றிரண்டு படத்தைக் குவியத்துக்கு முன்பக்கமாகவும் மீதியைப் பின்பக்கமாகவும் எடுக்கும் என்பதால், குவியத்தைக் கொம்பின் நுனிக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். சேர்த்த படத்தின் ஓரங்கள் கொஞ்சம் வெட்டுப்படும். வாலையும் கொம்பையும் ஃபிரேமின் விளிம்பில் ஒட்டி அமைத்தால் இரண்டும் போய்விடும்.

ஸ்டாக்கிங் பிழைப்பது பெரும்பாலும் காற்றால்தான். கிளை சில மில்லிமீற்றர் ஆடினாலே செதில்களின் விளிம்பில் இரட்டைக்கோடு விழும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை சமவெளியில் அடிக்கும் காற்றில் இதை நம்பிப் போகவேண்டாம். அப்போது ஒரே படம், எஃப்/8, 1/250 செக்கன், சிறிய பிளாஷ், அதன்மேல் அகலமான வெள்ளைத் துணி அல்லது ஒளியைப் பரப்பும் மெல்லிய ஃபோம் டிஃபியூசர். ஈரமான தோலில் பிளாஷ் ஒளி வெள்ளைப் புள்ளியாகத் தெறிக்கும். டிஃபியூசர் உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்தால்தான் அது அடங்கும். நக்கிள்ஸின் மரத்தவளைகளுக்கு இது இன்னும் முக்கியம்.

இந்த மெக்ரோவில் இன்னொரு நல்ல குணம், குவியம் மாற்றும்போது லென்ஸ் நீளாது. உள்ளே காற்றை இழுக்காது. முழுதும் சீல் செய்யப்பட்டது. 1:1இல், அதாவது பிராணி அதன் நிஜ அளவிலேயே சென்சரில் விழும் நெருக்கத்தில், லென்ஸ் முனைக்கும் பிராணிக்கும் இடையே 9 சென்ரிமீற்றர் அளவுதான் மிஞ்சும், ஆகவே ஓணானுக்கு 1:2க்கு (நிஜ அளவின் பாதிக்கு) மேல் நெருங்க வேண்டிய அவசியமில்லை. நிழல் விழும், பிராணியும் மிரளும். அதைப் பிடித்து வசதியான கிளைக்கு மாற்றுவது சட்டப்படியும் குற்றம், ஓணானுக்கும் கேடு. கிளை வசதியில்லை என்றால் படம் வேண்டாம்.

100-400க்கு வருவோம். காலை எட்டு மணிக்குப் பிறகு, வெளிச்சம் ஏறியதும், நல்ல லென்ஸ். மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி, இலங்கை வெள்ளைக்கண்ணி எல்லாம் ஹக்கலைத் தோட்டத்தில் பத்து மீற்றருக்குள் வரும். 1.3 மீற்றர் வரை நெருங்கிக் குவியும் என்பதால் தும்பிக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் இதே லென்ஸ் உதவும். பனிமூட்டத்தில் குவியம் முன்னும் பின்னும் அலையும். பக்கத்திலுள்ள சுவிட்சை 6 மீற்றரிலிருந்து முடிவிலி என்ற நிலைக்குத் தள்ளி, குவியப்புள்ளியை ஒரே சின்னக் கட்டமாக்கினால் பாதித் தொல்லை தீரும். பனிமூட்டத்தைக் கமராவின் ஒளிமானி சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை +0.7 அல்லது +1 கூட்டி, ஹிஸ்டோகிராமை (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தை) பாருங்கள்.

பலவீனங்களையும் சொல்லவேண்டும். ஒன்று, வெளிச்சம். அரெங்கா என்று பறவை பார்ப்பவர்கள் சொல்லும் இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவி, விடிகாலை இருட்டிலும் அந்தி மங்கலிலும்தான் நீரோடை ஓரத்துக்கு வெளிப்படும். அந்த நேரத்தில் எஃப்/6.3, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 6400 போட்டாலும் 1/60 செக்கன் கிடைத்தால் பெரிய காரியம். நிழலெல்லாம் புள்ளிபுள்ளியாகும். இந்தப் பறவைக்காகவே வாங்குகிறவர் 300 மி.மீ. எஃப்/4 ப்ரோவுக்குப் போகவேண்டும். ஒன்றேகால் ஸ்டொப்புக்கு மேல் வெளிச்சம் கூடும் (ஒரு ஸ்டொப் என்றால் இருமடங்கு), எடை 1270 கிராம்தான், நீளவும் மாட்டாது. விலைதான் இடிக்கும். ஒலிபெருக்கியில் குரல் போட்டுப் பறவையை வரவழைப்பதை எந்த லென்ஸுக்கும் மாற்றாக நாங்கள் ஏற்கமாட்டோம். இவ்வளவு குறைவாக மிஞ்சியிருக்கும் பறவையை அதன் இடத்திலிருந்து இழுத்து அலைக்கழிப்பது அது.

இரண்டாவது, நீர்க்காப்பு. பொடியின் ஐபி53 என்ற தூசி, நீர்க்காப்புத் தரம், அதே தரமுள்ள லென்ஸ் பூட்டியிருந்தால்தான் செல்லும். 2020இல் வந்த முதல் 100-400 ஐபிஎக்ஸ்1 மட்டுமே, அதாவது செங்குத்தாகச் சொட்டும் நீருக்கான காப்பு. காற்றோடு சாய்ந்தடிக்கும் மலைத்தூறலுக்கு அது போதாது. போதாக்குறைக்கு, சூம் பண்ணும்போது குழல் வெளியே நீளும். நீண்ட குழலில் படிந்த நீர்த்துளிகளைத் துடைக்காமல் சுருக்கினால் அவற்றை நாமே உள்ளே தள்ளுகிறோம். 400இலிருந்து 100க்கு வருமுன் ஒவ்வொரு முறையும் பருத்தித் துணியால் ஒரு சுற்றுத் துடைக்கவேண்டும். மூடுபனி நாளில் 300-400 அளவில் நிறுத்தி, சூமைத் தொடாமல் விடுவது அதைவிட நல்லது. சோனி 200-600 இந்த இடத்தில் முந்துகிறது. அது நீளாத லென்ஸ். 2025இல் வந்த 100-400 இரண்டாம் பதிப்புக்கு ஐபி53 கொடுத்திருக்கிறார்கள், பொடியோடு ஒத்திசைந்து நடுக்கத்தையும் குறைக்கிறது. புதிதாக வாங்குகிறவர் முதல் பதிப்பைத் தேடிப்போக ஒரே காரணம் விலை.

மூன்றாவது, வேகம். செக்கனுக்கு 50 படம் என்ற விளம்பரம் குறிப்பிட்ட சில லென்ஸ்களுக்குத்தான். 100-400 பூட்டினால் குவியம் தொடர்ந்தபடி 25தான் கிடைக்கும். கிளையிலிருந்து பறக்கும் பூச்சிபிடிப்பானுக்கு அது தாராளம். பட்டனை முழுதாக அழுத்துவதற்கு முந்திய கணங்களையும் சேமிக்கும் ப்ரோ கெப்ச்சரோடு சேர்ந்தால் இன்னும் நல்லது. ஆனால் ப்ரோ கெப்ச்சர் பற்றரியைக் குடிக்கும். ஒரு சார்ஜுக்கு 520 படம் என்ற கணக்கை நம்பாமல் இரண்டு உபரி பற்றரி வைத்திருங்கள், சட்டையின் உட்பையில், உடம்புச் சூட்டில். யூஎஸ்பி-சி பவர் டெலிவரி உள்ள பவர்பேங்கில் கமராவுக்குள்ளேயே சார்ஜ் ஏறும். சாதாரணப் பவர்பேங்கை நம்பிக் காட்டுக்குள் போகவேண்டாம்.

அடுத்தது பலரும் கவனிக்காமல் விடும் நீர்ப்படிவு. ஜனவரி விடிகாலையில் ஹோர்ட்டன் சமவெளியின் பட்டிப்பொல வாயிலில் கமரா 6, 7 பாகைக்குக் குளிர்ந்திருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு ஆறேழு பேர் மூச்சுவிடும் வான் வண்டிக்குள் ஏறினால், 22 பாகை, 80 வீத ஈரப்பதம். அந்தக் காற்றிலுள்ள நீர் சுமார் 18 பாகையிலேயே படியத் தொடங்கும். கண்ணாடிக்கு வெளியே படிவதைத் துடைக்கலாம். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றினால் சென்சரிலும் லென்ஸின் பின்புறத்திலும் படிவதுதான் கேடு. நுவரெலியாவிலிருந்து ரம்பொடை இறக்கமாகக் கம்பளை, கண்டி போகும்போதும் இதேதான். மேலே குளிர்ந்த பையைக் கீழே சூட்டில் திறக்கிறோம்.

வழி எளியது. குளிரிலேயே, வெளியிலேயே, கமராவைக் காற்றுப்புகாத பைக்குள் போட்டு மூடிவிட்டு வண்டியில் ஏறுங்கள். பொடிக்கு அரை மணித்தியாலம், பெரிய லென்ஸுக்கு ஒரு மணித்தியாலம் திறக்காதீர்கள். கார்டை மாற்றவேண்டும் என்றால் உள்ளே போடுமுன் எடுத்துவிடுங்கள். பொலித்தீன் பை கொண்டுபோய் ஹோர்ட்டன் வாயிலில் மாட்டிக்கொள்ளாதீர்கள். பையைச் சோதித்து வாங்கிவிடுவார்கள், வாங்குவதும் சரி. வாயைச் சுருட்டி மூடும் நைலோன் ட்ரை பேக், 8 அல்லது 10 லீற்றர் அளவில், இதற்குப் பொருத்தம். மழையுறையும் துணியில் இருக்கட்டும்.

வீட்டில் வைக்கும் விதம். ஈரப்பதம் 40 முதல் 50 வீதத்துக்குள் இருக்கவேண்டும். 60ஐத் தாண்டி நாட்கணக்கில் கிடந்தால் பூஞ்சைக்கு வசதி. நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து அறைகளில் மழைக்காலத்தில் 80க்குக் கீழே இறங்குவதே அரிது. ரப்பர் விளிம்போடு கிளிப் பூட்டும் 15 லீற்றர் சாப்பாட்டுப் பெட்டி, 250 கிராம் செம்மஞ்சள் சிலிக்கா ஜெல், சின்ன டிஜிட்டல் ஈரமானி. இவை போதும். நீலநிறச் சிலிக்காவில் கோபால்ட் உப்பு இருக்கிறது, வீட்டில் வேண்டாம். ஜெல் நிறம் மாறியதும் 110 பாகை ஓவனில் இரண்டு மூன்று மணித்தியாலம் வைத்தால் மீளும். ஓவன் இல்லாவிட்டால் அடி கனத்த சட்டியில், மிக மெல்லிய தணலில், கிளறிக்கொண்டே சூடாக்குங்கள். சூடு 120ஐத் தாண்டினால் செம்மஞ்சள் நிறம் கருகி, பிறகு அது ஈரத்தைக் காட்டாது. கமராவின் நனைந்த பட்டி, துணி உறை, தோல் கேஸ் எதையும் பெட்டிக்குள் போடவேண்டாம். ஜெல்லின் முழுச் சக்தியும் அவற்றை உலர்த்துவதிலேயே போய்விடும். அரிசிக்குள் புதைப்பதால் பயனில்லை, மாவுத்தூள்தான் இடுக்குகளில் சேரும். பூச்சி உருண்டை போட்ட அலுமாரியிலும் வைக்காதீர்கள், அதன் ஆவி கண்ணாடியில் படலமாகப் படியும்.

மின்சார ட்ரை கெபினெட் (ஈரம் எடுக்கும் அலுமாரி) வாங்குகிறவர் ஒன்றைக் கேட்டு வாங்கவேண்டும். குளிர்த்தகடு மூலம் ஈரம் எடுக்கும் வகை, அறை 15 பாகைக்குக் கீழே இருந்தால் மந்தமாகிவிடும். நுவரெலியாவுக்கு உலர்த்திப்பொருள் வகைதான் சரி. கண்டி, மாத்தளைக்கு எதுவும் ஓடும்.

காட்டில் இரத்தம் உறிஞ்சும் அட்டைகளுக்கு நீண்ட அட்டைக் காலுறையும் சோப்பும். பூச்சிவிரட்டியில் டீட் என்ற இரசாயனம் இருந்தால் கையைக் கழுவிவிட்டுத்தான் கமராவைத் தொடவேண்டும். அது பிளாஸ்ரிக்கையும் ரப்பர்ப் பிடியையும் கரைத்து ஒட்டலாக்கும்.

எங்கள் தெரிவு இது. முதலில் பொடியும் மெக்ரோவும். பிறகு கையிலிருக்கும் பணத்தைப் பொறுத்து 300 எஃப்/4 அல்லது 100-400 இரண்டாம் பதிப்பு. 2024இல் வந்த ஓஎம்-1 மார்க் 2வில் பஃபர் (தொடர்ந்து எடுக்கும் படங்களைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) பெரிது, டயல்கள் ரப்பரானவை. ஓணானுக்கும் தவளைக்கும் அந்தக் கூடுதல் செலவு தேவையில்லை. பாவித்த ஓஎம்-1 கிடைத்தால் போதும், பார்த்து வாங்கினால். பற்றரி மூடி, கார்டு மூடி இரண்டின் ரப்பரும் வெடிக்காமல், தட்டையாகாமல் இருக்கவேண்டும். லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து ரோர்ச் அடித்து, சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். தூசி புள்ளியாகத் தெரியும், அதை விட்டுவிடலாம். நூல்போலக் கிளைத்துப் போனால் பூஞ்சை, என்ன விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.