நடுவிலா, ஓரத்திலா? கோவையில் பஸ்ஸுக்கு ஒரு தடம்

மெட்ரோ வருமா வராதா என்ற பேச்சு, உக்கடத்தில் பாலக்காடு பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் காதில் விழுகிறது. வரும்போது வரட்டும். அதுவரைக்கும் இருக்கிற ரோட்டில் பஸ்ஸுக்கென்று தனித்தடம் ஒதுக்கினால், அது எங்கே இருக்கணும்?

நடுத்தடம் என்றால் அகமதாபாத். 2009-இல் ஓடத் தொடங்கிய ‘ஜன்மார்க்’ தனித்தட பஸ் சேவையில் நிலையமே சாலை நடுவில்தான். ஏறும் முன்பே டிக்கெட், மேடையும் பஸ்ஸின் தளமும் ஒரே மட்டம். நிறுத்தி வைத்த கார் எதுவும் வழியை மறிக்காது. வேகத்தில் ஓரத்தடம் இதன் பக்கத்தில்கூட வர முடியாது. ஆனால் அந்த பஸ்ஸுக்குக் கதவு வலப்பக்கம். நம் டவுன் பஸ்ஸுக்கு இடப்பக்கம். அரசு பஸ், தனியார் பஸ் எல்லாவற்றுக்கும் யார் கதவு வெட்டுவது?

டெல்லி இதைச் சமாளித்தது. 2008-இல் அம்பேத்கர் நகர் – மூல்சந்த் 5.8 கி.மீ. நடுத்தடத்தில் சாதாரண பஸ்களையே விட்டு, மேடையை இடப்பக்கம் கட்டினார்கள். பஸ் வேகமாகப் போனது. கார்க்காரர்கள் சிக்னலில் நின்று கொதித்தார்கள். கடைசியில் தடத்தையே பெயர்த்துவிட்டார்கள்.

கோவையில் சிக்னல் தொல்லையும் இல்லை, பல இடங்களில் அதை எடுத்துவிட்டு யூ-டர்ன் வைத்தாயிற்று. அதுவே வினை. நடுத்தடம் போட்டால், திரும்புகிற வண்டியெல்லாம் பஸ்ஸுக்குக் குறுக்கேதான் வரும். அவிநாசி ரோட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை: உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. மேம்பாலத்தின் தூண்கள் நடுவைப் பிடித்துக்கொண்டன.

ஓரத்தடத்துக்குச் செலவு குறைவு. கோடும் தடுப்புக் குச்சியும் போதும். பெங்களூரு 2019-இல் வெளிவட்டச் சாலையில் இப்படித்தான் செய்தது. அங்கே குச்சிகளை வண்டிகள் இடித்துத் தள்ளின. நம்மூரில் அதைவிடப் பெரிய எதிரி பேக்கரி. சாயங்காலம் ஆறு மணிக்கு டீயும் பஃப்ஸும் சாப்பிட வந்தவர்களின் பைக் இரண்டு வரிசை நிற்கும் (என்னுடையதும் சேர்த்துத்தான்).

இருந்தாலும் அவிநாசி ரோட்டுக்கு நான் ஓரத்தடத்தையே சொல்வேன். காருக்குத்தான் மேலே பாலம் கொடுத்தாயிற்றே, கீழே ஒரு தடத்தை பஸ்ஸுக்கு விட்டால் என்ன?

பாலக்காடு ரோட்டுக்கு இரண்டுமே ஒத்துவராது. வாளையாரிலிருந்து வேகமாக வருகிற பஸ் குனியமுத்தூரில் திணறுகிறது; அங்கே அகலமே இல்லை. ஆத்துப்பாலம் நெருங்கும் இடத்தில் பஸ் மட்டும் முன்னே நுழைய ஒரு துண்டு வழி கிடைத்தாலே பெரிது.

அவிநாசி ரோட்டில் பேக்கரி முன்னால் நிற்கிற பைக்கை எங்கே நிறுத்தச் சொல்வது என்று முதலில் முடிவாகட்டும். பெயின்ட் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.