பழைய ஐ10, வேகன்ஆர் பார்க்கிறவர்களுக்கு: வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை என் தலையில் கட்டினார்கள்

கோவையில் பழைய கார் தேடுகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

நான் ஒப்பிட்டுப் பார்த்தவை 2012 மாடல் வேகன்ஆரும் ஐ10-உம். வண்டியாக இரண்டுமே நல்லவை. வேகன்ஆரில் 998 சிசி கே10 இன்ஜின், ஐ10-இல் 1.2 லிட்டர் கப்பா இன்ஜின். இரண்டிலும் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின் என்பதால் பெல்ட் மாற்றும் செலவு இல்லை. (1.1 இன்ஜின் ஐ10-இல் பெல்ட்தான். மாற்றிய பில்லைக் கேளுங்கள்.) மூட்டுவலிக்காரர்கள் ஏறி இறங்க வேகன்ஆர் வசதி. ஓட்டுவதற்கு ஐ10 அமைதி.

டீலர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். வேகன்ஆர் 92,000 கிலோமீட்டர், சுற்றிலும் கீறல். ஐ10 வெறும் 48,000, புது சீட் கவர், பளபளப்பு. “அது அடிச்சு ஓட்டின வண்டி சார், இது டாக்டர் வச்சிருந்தது” என்றார். ஐ10-ஐ எடுத்தோம்.

மழைக்காலத்தில் ஒருநாள் பாலத்தில் திரும்பும்போது பவர் ஸ்டீயரிங் செத்துப்போனது. பின்சீட்டில் அம்மாவும் குழந்தையும். அந்தக் கனத்த ஸ்டீயரிங்கை வளைத்து ஓரம் கட்டியதை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது.

மெக்கானிக் தரைவிரிப்பைத் தூக்கினார். அடியில் காய்ந்த வண்டல். ஒயரிங் கனெக்டர்களில் பச்சைப் பாசி மாதிரி களிம்பு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்ததும் தண்ணீர் நின்ற கோடு தெளிவாகத் தெரிந்தது. அது சென்னைப் பதிவு வண்டி. கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய ஜாப் கார்டு (சர்வீஸ் செய்த பதிவு) எடுத்தோம்: 2015 செப்டம்பரிலேயே 61,000 கிலோமீட்டர்! அந்த டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஒரு பதிவும் இல்லை. மூழ்கிய வண்டியைக் கழுவி, மீட்டரைக் குறைத்து விற்றிருக்கிறார்கள். குடும்பத்தோடு போகிற வண்டியில் இதைச் செய்ய எப்படி மனசு வந்தது?

டீலரிடம் கேட்டால், “உள்ளது உள்ளபடின்னு கையெழுத்துப் போட்டீங்களே” என்கிறார். அப்புறம் போனையே எடுப்பதில்லை.

அரசின் எம்பரிவாகன் ஆப்பில் உரிமையாளர் எண்ணிக்கையும் இன்சூரன்ஸும் தெரியும், வெள்ளம் தெரியாது. அதனால் முன்பணம் கொடுக்கும் முன்பே சர்வீஸ் சென்டர் பதிவைக் கேளுங்கள். ஸ்டெப்னி இருக்கும் குழியையும் சீட்டுக்கு அடியில் போல்ட்டுகளையும் வண்டலோ துருவோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வாசனைத் திரவியம் அதிகமாக அடித்திருந்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஈர வாடை வருகிறதா என்று கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்து பாருங்கள். டீலர் அவசரப்படுத்தினால் கிளம்பிவிடுங்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்துவிட்டேன். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். இப்படி ஏமாந்தவர்கள் ஜாப் கார்டு நகலையும் மெக்கானிக் எழுதிக் கொடுத்ததையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.